சுவர் ஏறாத பல்லி

அப்பா லாரியில் ஏற்றி வந்த பலகைக் கல்லின் இடுக்கில் பதுங்கிக்கொண்டு அந்தப் பல்லி எங்கள் வீட்டுக்கு வந்தது. புல்வெளிப் பாறைகளில் வாழ்கிற, உடம்பெல்லாம் புள்ளிகள் கொண்ட பல்லி. அண்ணன் அதைப் பிடித்துச் சுவரில் விட்டான். பொத்தென்று விழுந்தது. மறுபடியும் விட்டான். மறுபடியும் விழுந்தது.

"இதெல்லாம் ஒரு பல்லியா? சுவர்ல நிக்கத் துப்பில்ல!"

"விடுண்ணா. இது கல்லுக்கடியில இருக்கறது. இதுக்கு ஒட்டுற கால் கிடையாது," என்றேன். யார் காதிலும் விழவில்லை.

ஒரு டப்பாவில் மணல் போட்டு அதை வைத்தேன். பூச்சி பிடித்துப் போட்டும் தின்னவில்லை. வயிறு ஒட்டிப்போனது. காலையில் அப்பா கிளம்பும்போதெல்லாம் டப்பாவை நீட்டுவேன்.

"கல்லு எடுத்த இடத்துலயே விட்டுடுங்கப்பா."

"நாளைக்குப் பாக்கலாம் கண்ணு," என்று வண்டியைக் கிளப்பிவிடுவார். அந்த நாளை வருவதாகவே இல்லை.

நேற்று ஒருவழியாக வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் காலி டப்பாவோடு சிரித்தபடி வந்தார்.

"விட்டுட்டேன் கண்ணு."

"பாறையிலதானே?"

"அங்க வெயில் மண்டையப் பொளக்குது. எங்க லாரி ஆபீஸ் சுவத்துல விட்டேன். ட்யூப்லைட்டு, பூச்சி, ராஜபோகம்! என்ன, கீழ கீழ விழுந்துட்டே இருக்கு. பழகிடும்."

"பழகாதுப்பா!"

கத்திவிட்டு அவர் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கிக்கொண்டேன்.

இன்று அப்பாவுக்கு முன்பே லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். மடியில் டப்பா.

"நீ எங்க கிளம்பிட்ட?"

"முதல்ல உங்க ஆபீஸ். அப்புறம் பாறை."