சுண்டுவிரலுக்கு ஒரு சுவிட்ச்

பாம்புச்செவி எப்போதும் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார். அந்த அறையின் மேற்பார்வையாளர் அம்மாவுக்கு மற்றவர்கள் வைத்த பெயர் அது. யாருடைய திரையையும் எட்டிப் பார்க்க மாட்டார். காதாலேயே வேலை வாங்குவார். ஒரு கீபோர்டு நின்றால் போதும், திரும்பாமலே குரல் வரும்.

"நடு வரிசை, தூக்கமா?"

மருத்துவர்கள் பேசிப் பதிந்த குறிப்புகளைக் கேட்டு அறிக்கையாக அடிப்பது அங்கே வேலை. ஒரு காதில் மருத்துவர். மற்றக் காதை மூடக் கூடாது, அது பாம்புச்செவிக்கு. உட்காரும் இடமே பெயர். அவள் ஜன்னலோரம்.

சில வாரங்களாக அவளுடைய வலது சுண்டுவிரல் மரத்துப்போயிருந்தது. கிள்ளினால் வேறு யாரையோ கிள்ளியதுபோல் இருந்தது. அந்த விரல் தடுமாறும்போதெல்லாம் கீபோர்டு சத்தத்தில் ஓர் ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டை பாம்புச்செவிக்குக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். முன்பு கதவோரத்தில் இருந்தவள் மணிக்கட்டு வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொன்னாள். "நல்லா ரெஸ்ட் எடும்மா" என்று அன்பாகத்தான் அனுப்பினார்கள். இப்போது அந்த நாற்காலியில் வேறொருத்தி.

கணவனின் கடை மூடியாகிவிட்டது. வீடு அவள் பத்து விரலில் நின்றது. ஒன்பதில் நிற்குமா என்று கேட்க அவளுக்கு ஆளில்லை.

சொந்தக் கீபோர்டு கொண்டுவரலாம் என்று அலுவலகத்தில் ஒரு விதி இருந்தது. சத்தமே போடாத ஒன்று இருந்தால் ஓட்டையும் கேட்காது. கொழுந்தனிடம் போனாள். கணினி பழுது பார்க்கிறவன், கீபோர்டு என்றால் உயிர்; பகுதி பகுதியாக வாங்கி அவனே கோர்ப்பான். அவன் அறையில் கட்டிலைவிடக் கீபோர்டுகளுக்கு இடம் அதிகம்.

"அண்ணியா! வாங்க, வாங்க. உங்க பட்ஜெட் என்ன, முதல்ல அத சொல்லுங்க. எனக்கு ஆசை காட்டிட்டு ஓடிடக் கூடாது."

சொன்னாள். நரம்புப் பரிசோதனைக்கு என்று எடுத்து வைத்திருந்த பணம் அது. அதை அவனிடம் சொல்லவில்லை.

"கீபோர்டுக்கு அலுமினியப் பெட்டி வேணாம்னா அந்தப் பணம் தாங்கும்."

"பிளாஸ்டிக் போதும்."

"பட்டனுக்கு மேல மூடி? எழுத்து அழியாததா, மலிவா?"

"மலிவு. எல்லாத்தையும் உள்ள போடு. சுவிட்சுல."

"வெளிய கஞ்சத்தனம், உள்ள தாராளம். எங்க அண்ணனுக்கு அப்படியே நேர்மாறு."

சிரித்துவிட்டு ஒரு சின்னப் பலகையை எடுத்து வைத்தான். கீபோர்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் இருக்கிற சுவிட்ச், வகைக்கு ஒன்றாக அதில் இருந்தது. ஒன்று கடினம், ஒன்று லேசு, ஒன்று பாதியில் முட்டிவிட்டு இறங்கும், ஒன்று டக்கென்று கத்தும், ஒன்று ஊமை.

"அமுக்கிப் பாருங்க. கைக்கு எது பிடிக்குதோ அதான்."

சுண்டுவிரலால் அமுக்கினாள். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. எதுவும் எதுவாகவும் இல்லை. அவன் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி?"

"நல்லாருக்கு."

"எது?"

சத்தத்தை மட்டும் கேட்டு ஊமையைக் காட்டினாள். "இது. இதுலயே ரொம்ப லேசானது."

அவன் தலையைச் சொறிந்தான். "இத விளையாடுறவன் வாங்குவான் அண்ணி. விரல வெச்சாலே அமுங்கிடும். நாள் பூரா அடிக்கிறவங்களுக்கு நடுவுல முட்டுறதுதான் நல்லது. அமுங்கிச்சு, விட்டுச்சுன்னு விரலுக்குத் தெரியணும்ல?"

அப்போது சொல்லியிருக்கலாம்.

"எனக்குச் சத்தம் வேணாம்பா. அவ்வளவுதான்."

"சரி, உங்க இஷ்டம். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

அவனே கோர்த்துக் கொடுத்தான். முதல் நாள் காலையில் அலுவலக மேசைமேல் வைத்து அடித்தபோது, பஞ்சில் நடப்பதுபோல் இருந்தது. தடுமாறினாள், நின்றாள், மறுபடி தொடங்கினாள். பாம்புச்செவியின் முதுகு அசையவில்லை. பல நாள் கழித்து அவளுக்கு மூச்சு முழுசாக வந்தது. அறிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

மதியத்துக்குச் சற்று முன்னால், காதில் மருத்துவர் ரத்தம் உறையாமலிருக்கும் ஒரு மாத்திரையைச் சொன்னார். "பத்து மில்லிகிராம்." அடித்தாள். தற்செயலாகத்தான் திரையைக் கவனித்தாள்.

நூறு என்றிருந்தது.

அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். ஆயிரம்.

மூன்றாம் முறை விரலைப் பார்த்துக்கொண்டே அடித்தாள். பூஜ்யத்தின்மேல் சுண்டுவிரல் படுத்துக் கிடந்தது. தூக்கிவிட்டதாகத்தான் அவள் நினைத்திருந்தாள்.

பழைய கீபோர்டு கடினம். விரலின் வெறும் பாரத்துக்கு அது இறங்காது. ஒரு டக், ஒரு பூஜ்யம். இத்தனை வாரமும் அந்த விரலுக்குப் பதில் அவள் காதுதான் எண்ணிக்கொண்டிருந்தது. அந்தக் காதையும் காசு கொடுத்து அடைத்துவிட்டாள்.

காலையிலிருந்து போனவற்றை நினைத்தாள். சிலதைத்தான் அங்கே சரிபார்ப்பார்கள். மற்றவை நேரே வார்டுக்குப் போகும். அனுப்பிய அறிக்கையை அவளால் திறக்க முடியாது. மேற்பார்வையாளரால்தான் முடியும்.

நர்ஸுக்குத் தெரியாதா, நூறைப் பார்த்தால் சந்தேகம் வராதா என்று ஒரு மனம் சொன்னது. எல்லா மாத்திரைக்கும் வராது என்று இன்னொரு மனம். பூஜ்யமே இல்லாத ஐந்து, ஐம்பது ஆகியிருக்காது. இருபது, இருநூறு ஆகியிருக்கலாம். இருபதும் உண்டு, இருநூறும் உண்டு என்கிற மருந்து எத்தனையோ. யாரோ ஒருவர் இப்போது தண்ணீர் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டிருப்பார்.

எழுந்தாள். கால் தரையில் படுகிறதா என்று பார்த்துப் பார்த்து நடந்தாள்.

"மேடம்."

"யாரு, ஜன்னலோரமா?" பாம்புச்செவி திரும்பவில்லை. "இன்னிக்கு லீவுன்னுல்ல நினைச்சேன். உன் பக்கமிருந்து ஒரு சத்தத்தையும் காணோம்."

"காலையிலிருந்து நான் அனுப்பினத எல்லாம் நிறுத்துங்க மேடம். உடனே."

"ஏன்?"

வலது கையை அவர் மேசைமேல் வைத்தாள். "இந்த விரலுக்கு உணர்ச்சியே இல்ல. பூஜ்யம் கூடுதலா விழுந்திருக்கு."

பின்னால் கீபோர்டுகள் ஒவ்வொன்றாக நின்றன. பாம்புச்செவி யாரையும் அதட்டவில்லை. முதல்முறையாக நாற்காலி திரும்பியது. கையைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தை.

"எத்தனை நாளா?"

"விரல் சில வாரமா. இந்தக் கீபோர்டு இன்னிக்குத்தான்."

போனை எடுத்தார். வார்டில் யாரிடமோ பேசி, காலை அறிக்கைகளில் இருக்கிற எந்த மருந்தையும் கொடுக்க வேண்டாம், மறுபடி கூப்பிடும்வரை எதையும் கொடுக்க வேண்டாம் என்றார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே காலையின் முதல் அறிக்கையைத் திறந்து, திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"நீயே படி. சத்தமா."

படித்தாள். முதல் எண் சரியாக இருந்தது. அடுத்த வரிக்குப் போனாள்.