வெள்ளையாக விட்ட இடம்

"அந்தப் பக்கம் பிடி மாப்ள. மேசை நகந்தாத்தான் உங்க அக்காவ வெளிய கொண்டுவர முடியும்," என்றார் அத்தான்.

தம்பி பிடித்தான். பிடித்தவன் தூக்கவில்லை. மேசை மேல் அக்காவின் கடைசிப் படம் கிடந்தது.

சிட்டுவையும் வண்டுவையும் தெரியாத குழந்தைகள் குறைவு. காகிதக் கப்பலில் ஏறி மேகத்துக்குள் போய், இடி தூங்கும் குகையில் மாட்டிக்கொண்டு, வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே தப்பித்து வரும் அக்காவும் தம்பியும். புத்தகத்துக்குப் புத்தகம் அக்கா வரைவாள், தம்பி எழுதுவான். சண்டைக்கு மட்டும் கற்பனை தேவைப்பட்டதே இல்லை.

போன வாரமும் ஒன்று நடந்தது.

"'இரண்டு பேரும் வீடு வந்து சேர்ந்தார்கள்'னு எழுதியிருக்கியே, அத மாத்துடா," என்றாள் அக்கா, தலையணையில் சாய்ந்தபடி.

"சின்னப் புள்ளைங்க படிக்கிற புஸ்தகம்க்கா. சிட்டுவ மேகத்துலயே விட்டுட்டு வரச் சொல்றியா?"

"அவளுக்கு அங்க வேலை இருக்குடா, மடையா."

"ரெண்டு பேரும் வரணும். இல்லன்னா நான் எழுதல, போ."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு வாங்கியதால் என்று நினைத்துக்கொண்டான்.

இப்போது படத்தில் வீட்டு வாசல் இருந்தது. விளக்கு எரிந்தது. கப்பலிலிருந்து வண்டு குதித்துக்கொண்டிருந்தான். அவன் பின்னால் நீட்டிய கைக்கு எட்டும் தூரத்தில், நீல வானத்தின் நடுவே, சிட்டுவின் உருவத்துக்கு இடம் மட்டும் இருந்தது. கண் இல்லை, சடை இல்லை, சிவப்புக் கவுன் இல்லை. வெறும் வெள்ளைக் காகிதம்.

"பாவம், முடிக்கிறதுக்குள்ள..." துக்கத்துக்கு வந்திருந்த பதிப்பக அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "கவலப்படாதீங்க சார். வேற யாரையாவது வச்சு சிட்டுவ மட்டும் போட்டுக்கலாம்."

"போடணும்," என்றான் தம்பி. "அவ வந்தே ஆகணும்."

சிவப்பைத் தேடிக் கை போனது. தூரிகை டம்ளருக்குள் இல்லை.

படம் முடியும்வரை அக்காவின் தூரிகை டம்ளரை விட்டு வெளியே வராது. நாள்கணக்கில் ஊறும். ஒருமுறை அதைக் குடிதண்ணீர் என்று நினைத்துத் தம்பி மடக்மடக்கென்று குடித்துவிட்டான். "வானத்தையே முழுங்கிட்டியேடா!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் எந்த டம்ளரையும் எட்டிப் பார்க்காமல் அவன் வாயில் வைத்ததில்லை.

தூரிகை துணி மேல் கிடந்தது. கழுவி, நுனி கூராக்கி, உலர்ந்து.

"இத யாரு கழுவுனது அத்தான்?"

"உங்க அக்காதான். நேத்துச் சாயங்காலம். நான் கழுவித் தரேன்னேன், விடுவாளா? என் தோளப் பிடிச்சுக்கிட்டே குழாயடி வரைக்கும் வந்தா."

தம்பி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யார்கிட்ட கொடுக்கலாம் சார்?" என்றாள் பதிப்பக அம்மாள்.

"யார்கிட்டயும் வேணாம்மா. படம் முடிஞ்சிருச்சு."

"அப்ப கடைசி வரி..."

"மாத்தித் தரேன்."

படத்தைச் சுருட்டாமல் அலமாரி மேல் வைத்தான். மேசையைத் தூக்கிச் சுவரோரம் போட்டார்கள். வழி கிடைத்தது. உள்ளேயிருந்து நாலு பேர் அக்காவை மெதுவாக எடுத்து வந்தார்கள்.

வாசலில் வண்டி கிளம்பும் முன், அத்தான் ஒரு டம்ளரை நீட்டினார். "காலையிலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படல உனக்கு. குடி மாப்ள."

வாங்கியவன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

தண்ணீரில் எந்த நிறமும் இல்லை.