நங்கூரத்தில் நின்ற உப்பளக் கட்சி

அந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் பத்மப்ரியாவுக்கு வயிறு எரிந்தது. நன்றாக இருந்தது. அதுதான் எரிச்சல்.

தூத்துக்குடி மாவட்டத் தேர்தல்களுக்கென்று ஒரு களஞ்சியம் உண்டென்றால் அது அவளுடையது. ஸ்ரீவைகுண்டத்துக்காரி, கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துகிறவள். முதல் இரண்டு பதிப்புகளையும் தனியாளாகத் தொகுத்தாள். எந்தத் தொகுதியில் யார் நின்றார், யார் கவிழ்ந்தார் என்று பத்திரிகைக்காரர்கள் அவளுக்குத்தான் போன் போடுவார்கள். மூன்றாம் பதிப்புக்குப் பதிப்பாளர் ஞானையா துணைக்கு ஓர் ஆளைச் சேர்த்தார். உடன்குடியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவரின் மகள், சண்முகவடிவு. வந்த சூட்டோடு அவள் கூட்டணிப் பகுதியில் கைவைத்தாள்.

அது பத்மப்ரியாவுக்கு எப்போதுமே தலைவலி. தேர்தலுக்குத் தேர்தல் கட்சிகள் இடம் மாறும். சிறிய கட்சிகள் பெரிய கட்சியின் சின்னத்தில் நிற்கும். சின்னம் யாருடையதோ வெற்றியும் அவர்களுடையது என்று எழுதிவிட்டுப் போய்விடுவாள். சண்முகவடிவு கூட்டணிக்குத் தனிப் பதிவு போட்டாள். எந்தக் கட்சி எப்போது உள்ளே வந்தது, எப்போது வெளியே போனது என்று அதில் இருந்தது. வேட்பாளர் பெயருக்கு எதிரே கட்சி ஒரு கட்டம், சின்னம் ஒரு கட்டம். அவ்வளவுதான். இது ஏன் தனக்குத் தோன்றவில்லை?

அன்று மதியம் ஜெபசுதா வந்தார். உப்பளத் தொழிலாளர் கட்சிக்காரர். தென்கடல் கட்சியின் நங்கூரம் சின்னத்தில் நின்று மாநகராட்சி கவுன்சிலர் ஆனவர். பழைய பதிப்பில் தன்னைத் தென்கடல் கட்சியென்று போட்டதற்காக எப்போது வந்தாலும் சண்டை போடுவார். சண்முகவடிவு புதுப் பக்கத்தைக் காட்டினாள். ஜெபசுதா விரல் வைத்துப் படித்தார்.

"ஏளா, எங்க கட்சி பேரு அச்சுல வருதே! இத்தன நாளும் நங்கூரம் தந்தவன் பேருலல்லா கெடந்தோம்." சண்முகவடிவின் கன்னத்தை வழித்து முத்தமிட்டுவிட்டு, பத்மப்ரியாவிடம் திரும்பினார். "டீச்சர், இந்தப் பிள்ளைய முன்னமே சேத்திருக்கக் கூடாதா?"

பத்மப்ரியா சிரித்துவைத்தாள். ஜெபசுதாவை வழியனுப்ப சண்முகவடிவு கீழே இறங்கிய நேரத்தில் ஞானையாவின் அறைக்குப் போனாள்.

"வடிவு போட்டிருக்கறது நிக்காது சார். நங்கூரத்துல நின்னா நங்கூரக் கட்சிதான். தேர்தல் ஆணையத்தோட பதிவும் அப்படித்தான் சொல்றது. நாளைக்கு யாராவது கேட்டா நமக்குத்தான் அசிங்கம்."

"எனக்கு என்னத்தத் தெரியும்? நீங்க சொன்னா சரி டீச்சர். பழையபடியே போட்ருவோம்."

பத்மப்ரியா சொன்னதில் பொய் இல்லை. ஆனால் ஆணையத்தின் பதிவு சின்னத்துக்கான கட்டத்தில் அப்படியே இருந்ததை அவள் சொல்லவில்லை.

மறுநாள் சண்முகவடிவு நேரே அவள் மேசைக்கு வந்தாள்.

"எக்கா, ஞானையா அண்ணாச்சி சொன்னாவ. ஆணையத்துப் பதிவு சின்னத்துக்குள்ள கட்டத்துல இருக்குல்லா? நீங்க பாக்கலையா?"

"பார்த்தேன்."

"அப்ப எதுல தப்பு?"

பத்மப்ரியா மேசையில் கிடந்த அந்தத் தாள்களை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

"தப்புன்னா அடிச்சுப் போடுங்க, திருத்துதேன். நல்லாருக்கத நல்லால்லன்னு மட்டும் சொல்லாதிய. உங்க புஸ்தகத்தப் படிச்சிட்டுத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்."

முதலில் வந்தது கோபம்தான். நேற்று வந்தவள் கேள்வி கேட்கிறாள்! தப்பு எங்கேயென்று காட்டிவிடுகிறேன் என்று அந்தத் தாள்களை இழுத்துவைத்து வரி வரியாகப் பார்த்தாள். கிடைத்தது. உப்பளக் கட்சி ஒருமுறை இரண்டாக உடைந்தது. ஒரு பிரிவு கூட்டணியை விட்டுப் போனது, ஜெபசுதாவின் பிரிவு அங்கேயே இருந்தது. கட்சி முழுவதும் போய்விட்டதாக சண்முகவடிவு எழுதியிருந்தாள்.

"இதைப் பார்," என்றாள் பத்மப்ரியா. குரலில் சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை.

சண்முகவடிவு குனிந்து பார்த்தாள். "அய்யோ, ஆமாக்கா. இது எனக்குத் தெரியவே செய்யாது. அப்ப உடைஞ்ச கட்சிய எப்படிப் போடணும்?"

அந்தக் கேள்விக்கு அவள் தயாராக இல்லை. இந்தப் பெண் வெட்கப்படுவாள், வாயடைத்துப் போவாள் என்றல்லவா எதிர்பார்த்தாள்? யோசித்துவிட்டு, இரண்டு பிரிவுக்கும் தனித்தனி வரி, பிரிந்த நாளை இரண்டிலும் எழுத வேண்டும் என்றாள். சொல்லும்போதே, தான் அந்தப் பெண்ணின் கட்டங்களுக்குள்தான் எழுதிக்கொண்டிருப்பது புரிந்தது. பழைய முறையில் இதற்கு இடமே இல்லை.

சாயங்காலம் ஞானையாவிடம் போனாள். "வடிவோட முறையே இருக்கட்டும் சார். நேத்து நான் சொன்னது சரியில்ல."

"நேத்து நிக்காதுன்னியளே?"

"நிக்கும்."

புத்தகம் வெளிவந்தது. வெளியீட்டு விழாவில் மதுரையிலிருந்து வந்த பேராசிரியர் கூட்டணிப் பகுதியை விரித்துப் பிடித்துக்கொண்டு அவளிடம் வந்தார். "அம்மா, இந்த ஏற்பாடு பிரமாதம். உங்க யோசனைதானே?"

ஆமாம் என்ற சொல் நுனி நாக்குவரை வந்தது. கூடத்தின் மறுகோடியில் சண்முகவடிவு அப்பாவோடு நின்றிருந்தாள்.

"இல்ல. அதோ, அந்தப் பெண்ணோடது."

அவர் நன்றி சொன்னார். அடுத்த நிமிஷமே அந்தப் பக்கம் நடந்தார். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று அவளுக்குத் தோன்றியது. அதை முகத்தில் காட்டாமல், மக்ரூன் இனிப்புத் தட்டு வைத்திருந்த மேசையை நோக்கிப் போனாள்.