நாத்தனார் கண் விழித்த காலை

ஆட்களை எழுப்புவதுதான் என் வேலை. ஆபரேஷன் முடிந்ததும் ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் அறையில் விடுவார்கள். நாடியையும் மூச்சையும் பார்த்துக்கொண்டே தோளைத் தட்டி, "கண்ணைத் திறங்க, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பதினான்கு வருஷமாக இதே பாட்டுத்தான்.

மயக்கம் தெளிகிற அந்தப் பத்து நிமிஷத்தில் மனுஷர்கள் என்னவெல்லாமோ பேசுவார்கள். ஒரு பஸ் கண்டக்டர் என் கையைத் தள்ளி, "பின்னாடி இடம் இருக்கு, நகரு நகரு" என்றார். ஒரு பள்ளிக்கூட வாத்தியாரம்மா என்னை முட்டி போடச் சொன்னார். பாதிப் பேர் அழுவார்கள். முழுசாக விழித்தபின் ஒருவருக்கும் ஒன்றும் ஞாபகம் இருக்காது. இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவது எங்கள் அறையின் வழக்கம். நானும் அப்படித்தான் விட்டுக்கொண்டிருந்தேன், என் நாத்தனார் அந்த ஸ்ட்ரெச்சரில் வருகிறவரை.

என் வீட்டுக்காரருக்குக் கூடப் பிறந்தது ஒரே அக்கா. ஒரு பெரிய கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் டெலிபோன் ஆபரேட்டர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியைப் படிக்க வைத்து ஆளாக்கியது அவர்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாசமே வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்துவிட்டார். வந்து இரண்டு வருஷம் மூன்று மாசம் ஆகிறது. காலமெல்லாம் பேசியே சம்பாதித்தவர் வீட்டில் வாயே திறக்க மாட்டார். "அக்கா வாய்க்கும் சேர்த்து ரிட்டையர்மென்ட் கொடுத்துட்டாங்க" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அதற்கும் ஒரு சிரிப்போடு சரி.

இரண்டு மாசத்துக்கு முன் நாலு நாளாக அவருக்கு வயிற்றுவலி இருந்திருக்கிறது. எங்களிடம் மூச்சுவிடவில்லை. ஐந்தாம் நாள் காலை சமையலறையில் தடாலென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மயக்கம் போட்டுத் தரையில் கிடக்கிறார். காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அக்கா" என்று கத்தினேன். அரை நிமிஷத்தில் கண் திறந்தது. முதல் வார்த்தை, "பால் பொங்கிடப் போகுது, அடுப்பை அணைம்மா."

பித்தப்பையில் கல். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம்.

சொந்தக்காரர்களை நாங்களே பார்த்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. தலைமை நர்ஸ் வேறொருத்தியை அவருக்கு ஒதுக்கிவிட்டு, "நீ சும்மா பக்கத்துல நில்லு. மெஷினைத் தொட்ட, கையை உடைச்சிடுவேன்" என்றார். அதனால் அன்றைக்கு முதல் தடவையாக அந்த அறையில் வேலை இல்லாமல் நின்றேன். வெள்ளைத் துணிக்குள் நாத்தனார் பாதியாகச் சுருங்கிக் கிடந்தார். நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டேன். அதுவரைக்கும் அவர் முகத்தை நான் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கொஞ்ச நேரத்தில் உதடு அசைந்தது. கண் திறக்கவில்லை. ஆனால் குரல் தெளிவாக, நான் வீட்டில் கேட்டே இராத ஒரு குரலாக வந்தது.

"வணக்கம். யார்கூடப் பேசணும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கம் நின்ற நர்ஸும் வாயைப் பொத்திக்கொண்டாள். பேச்சுக் கொடுத்தால் சீக்கிரம் தெளியும் என்பது எங்கள் அனுபவம். அதனால் குனிந்து காதோடு சொன்னேன்: "எங்க நாத்தனார்கூடப் பேசணுங்க."

"லைன்ல இருங்க." கொஞ்சம் இடைவெளி. விரல் ஒன்று துணிமேல் எதையோ அழுத்தியது. "அவங்க இங்க இல்லைங்க."

"எங்க போயிட்டாங்க?"

"தம்பி வீட்டுல இருக்காங்க."

"அப்ப அந்த வீட்டுக்கே லைன் கொடுங்க."

"அங்க அவங்களுக்குத் தனி லைன் கிடையாதுங்க." குரலில் வருத்தமே இல்லை. யாரோ ஒருத்தரைப் பற்றித் தகவல் சொல்கிற மாதிரி இருந்தது. "நல்லவங்கதான் அந்த வீட்டுல. தட்டு மட்டும் ரெண்டுதான் வைப்பாங்க. அப்புறம் ஞாபகம் வந்து மூணாவது எடுப்பாங்க. தினமும். நீங்க காத்திருக்கீங்களா, அப்புறம் கூப்பிடுறீங்களா?"

அந்த நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சலைன் பாட்டிலைப் பார்த்தாள். அவளும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டாள், பாவம்.

"காத்திருக்கேன்" என்றேன் கடைசியில்.

இன்னும் ஐந்து நிமிஷத்தில் அவர் கண்ணைத் திறந்து, என்னை அடையாளம் கண்டு, "சாப்பிட்டியாம்மா?" என்றார்.

மயக்க மருந்து டாக்டர் வராந்தாவில் காபி குடித்துக்கொண்டிருந்தார். தலை நரைத்த மனுஷர். எதையும் இரண்டு வரிக்கு மேல் பேச மாட்டார்.

"டாக்டர், தெளியறப்ப பேசறதெல்லாம் உண்மையா?"

"மருந்து வாயோட பூட்டைத் திறக்கும். உள்ள இருக்கறது உண்மையா பொய்யான்னு அதுக்குத் தெரியாது."

"அவங்களுக்கு ஞாபகம் இருக்குமா?"

"இருக்காது." காபியை முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "கேட்டவங்களுக்குத்தான் இருக்கும்."

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவர். ஊர்க்காரர்களின் பார்வையெல்லாம் அவர் கையில்தான் சரியாகிறது.

"ஏங்க, நான் சாப்பாட்டுக்கு எத்தனை தட்டு எடுத்து வைக்கறேன்?"

யோசித்தார். "ரெண்டு. அப்புறம் 'ஐயோ'ன்னு ஓடிப்போய் இன்னொண்ணு கொண்டு வருவ."

"தினமுமா?"

"ஆமா. இப்ப நீ கேக்கவும்தான் எனக்கே தெரியுது."

நான் எழுந்து வீட்டைச் சுற்றி வந்தேன், திருடன் நுழைந்த வீட்டைப் பார்ப்பதுபோல. குளியலறையில் துண்டு மாட்டும் கொக்கி இரண்டு. அவர் துண்டு ஜன்னல் கம்பியில் தொங்கியது. வாசலில் குடை இரண்டு. ஆணியில் வாசல் சாவி இரண்டு. அங்கேதான் என் கால் நின்றுவிட்டது. இரண்டு வருஷமாக அவர் கையில் இந்த வீட்டுச் சாவி இல்லை! நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு அவர் வெளியே போவதென்றால் வீட்டைத் திறந்து போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் போகவே இல்லை. "அக்காவுக்கு வெளிய போறதே பிடிக்காது" என்று அக்கம்பக்கத்தில் நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. அவர்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. பின்னே என் கை ஏன் இரண்டோடு நின்றுவிடுகிறது? அன்றைக்கு அதற்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்பதே எனக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் அவரை வீட்டுக்கு அழைத்து வந்தோம். நான் ஒரு வாரம் லீவு போட்டேன். அவருடைய சின்ன அறையில் படுக்கையைச் சரிசெய்து உட்கார வைத்தேன். ஜன்னல் வழியாக மத்தியான வெயில் விழுந்து மஞ்சள் சுவர் பளிச்சென்று இருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பதினான்கு வருஷ வழக்கம் ஒரு பக்கம். ஆனால் இது என் வீடு, நான் கேட்டது என்னைப் பற்றி.

"அக்கா, நீங்க கண் முழிக்கறப்ப என்ன பேசினீங்க தெரியுமா?"

அவர் முகம் வெளிறியது. "நானா? என்ன உளறினேன்?"

எல்லாவற்றையும் சொன்னேன். 'லைன்ல இருங்க' என்றபோது சிரித்தார், வயிற்றுத் தையல் இழுக்கவும் கையால் பிடித்துக்கொண்டார். தட்டு என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"ச்சே! மயக்கத்துல உளறினதைப் போய்ப் பெருசு பண்ணிக்கிட்டு. நான் அதை நினைச்சது கூட இல்லைம்மா."

"நினைக்காமலா அக்கா தினமும்னு சொன்னீங்க?"

அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எதிரே இருந்த அலமாரியைக் காட்டி, "கீழ்த்தட்டைத் திறந்து பாரு" என்றார்.

திறந்தேன். மற்றத் தட்டுகளில் அவர் புடவைகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. கீழ்த்தட்டு காலியாக இருந்தது. மூலையில் மட்டும் ஒரு சின்னக் காகிதப் பை. அதற்குள் என்ன இருக்கிறது என்று பிரிக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டை விரல் அளவில் இரண்டு ஜோடிக் கம்பளி உறைகள், பிஞ்சுக் காலுக்கு. எட்டு வருஷத்துக்கு முன் நான் வாங்கியது. நாலாம் மாசம் கரு கலைந்துபோனது. அதற்குப் பிறகு நிற்கவில்லை. அந்த அறைக்கு மஞ்சள் வண்ணம் தேடித் தேடி எடுத்ததும் நான்தான். பையை இங்கே வைத்ததை அடியோடு மறந்திருந்தேன். மறந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

"வந்த அன்னிக்கே பார்த்தேன்" என்றார் நாத்தனார். "இது யாருக்கு வச்சிருந்த அறைன்னு புரிஞ்சுது. மூணாவது தட்டும் அப்படித்தான்னு நினைச்சேன். உன் கை அந்த இடத்தை யாருக்கோ விட்டு வச்சிருக்கு. அதுல போய் நான் உக்காரலாமா? அதான் உனக்கு ஞாபகம் வரட்டும்னு சும்மா நிப்பேன்."

எட்டு வருஷமாக நான் அழாத அழுகை அன்றைக்கு வந்தது. அந்தக் கட்டிலின் ஓரத்தில் தலையை வைத்துக்கொண்டு, மூக்கு ஒழுக, குழந்தை மாதிரி அழுதேன். எனக்கே தெரியாமல் எனக்குள் இருந்ததை, வீட்டில் வாய் திறக்காத ஒருத்தர் இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பார்த்ததோடு அதற்கு இடைஞ்சல் இல்லாமல் ஒதுங்கி நின்றிருக்கிறார். அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"உங்களுக்கு வருத்தமா இல்லையா அக்கா?"

"இல்லைன்னுதான் நினைச்சிருந்தேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இருந்திருக்கு போல" என்றார். அப்போது அவர் கண்ணும் கலங்கியது.

பையை என்ன செய்வது என்று கேட்டேன். தூக்கிப் போடச் சொல்வார் என்று நினைத்தேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும். உன் அலமாரிக்கு எடுத்துட்டுப் போ. எனக்கு அந்தத் தட்டு வேணும், போர்வை வைக்க இடமில்லை" என்றார். இரண்டு வருஷத்தில் அவர் 'எனக்கு வேணும்' என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னோம். ரொம்ப நேரம் அக்கா காலடியில் உட்கார்ந்திருந்தார். பிறகு போட்ட சட்டையோடு அப்படியே வெளியே போய், தெருமுனைக் கடையில் புதுச் சாவி ஒன்று வெட்டிக்கொண்டு வந்தார். அவசரத்தில் வெட்டியது, பூட்டில் நுழையவில்லை. மறுபடி போய் ராவிக்கொண்டு வந்தார். "கண்ணாடின்னா நானே ஒரே தடவைல தீட்டியிருப்பேன்" என்று சமாளித்தார்.

தையல் பிரித்து மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, நாத்தனார் தனியாக வெளியே போனார். நான் வேலை முடிந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. திறந்து உள்ளே வந்து மணியைப் பார்த்துப் பார்த்து வாசலுக்கும் கூடத்துக்குமாக அலைந்தேன். ஐந்தரைக்கு மாடிப்படியில் காலடிச் சத்தம். கையில் ஒரு அட்டைப் பெட்டி, முகமெல்லாம் வேர்வை.

"அந்த பஸ் ஸ்டாப்பை எப்ப மாத்தினாங்க? நான் பாட்டுக்குப் பழைய இடத்துலயே நின்னுக்கிட்டு இருந்தேன். நாலு பஸ் என்னைத் தாண்டிப் போச்சு. அப்புறம் ஒரு பொண்ணு, காலேஜ் பொண்ணு, 'ஆன்ட்டி, இங்க நிக்காது'ன்னா. ஆன்ட்டியாமே! கடைக்காரன் அதுக்கு மேல. என் காலைப் பார்க்கறான், பெட்டியைப் பார்க்கறான், சைஸ் இல்லைங்கறான். ஏன்யா, உலகத்துல எனக்கு மட்டுமா இந்தக் கால் இருக்குன்னு கேட்டேன்..."

நாற்காலியில் உட்கார்ந்து அவர் பெட்டியைப் பிரித்தார். பழுப்பு நிறச் செருப்பு, நல்ல உழைப்புக்கானது. நான் காபி போட எழுந்தேன். அவர் விடவில்லை, உட்கார், முழுசாகக் கேள் என்றார். அரை மணி நேரம் பேசினார். என் வீட்டுக்காரர் வந்து கதவோரத்திலேயே நின்று கேட்டார். பேசிக்கொண்டே செருப்பை மாட்டி, கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து காட்டினார்.

"இடது கால்ல மட்டும் லேசாக் கடிக்குது" என்றார். "பரவாயில்லை. நாளைக்கும் போட்டுக்கிட்டுப் போனா பழகிடும்."