சார்ல்சின் தம்பியும் ஒரு மின்சுற்றும்

எழுபத்திரண்டு நாளும் ஐந்து மணி நேரமும். ஆபிதா பரீட்சை மண்டபத்திலிருந்து துள்ளி வந்து, "டீச்சர், ராஜா வம்சத்தை நீங்க சொல்லித்தந்த மாதிரியே சர்க்யூட்டா வரஞ்சிட்டேன்!" என்று சொன்ன நேரத்திலிருந்து வள்ளிநாயகி எண்ணிக்கொண்டிருந்த கணக்கு அது.

லண்டன் ஏ லெவல் சரித்திரத் தாள். முறையான வாரிசில்லாத இரண்டாம் சார்ல்சுக்குப் பின் அவருடைய கத்தோலிக்கத் தம்பி முடிசூடுவதை நாடாளுமன்றத்தால் ஏன் தடுக்க முடியவில்லை என்று கேள்வி. வள்ளிநாயகி அதை விளக்கிய விதம் அப்படி. மன்னர் மின்கலம். தம்பி ஜேம்ஸ் நேர்க்கம்பி. ஆசைநாயகி பெற்ற புரட்டஸ்தாந்து மகன் வெறும் புள்ளிக்கோடு. கம்பியை வெட்டு என்றவர்கள் விக் கட்சி, தொடாதே என்றவர்கள் டோரிக் கட்சி. சுவிட்ச் மன்னர் கையில். சபையைக் கலைத்துக் கலைத்தே தம்பியை விலக்கும் மசோதாவை ஒழித்தார்.

சரித்திரம் படித்த யாராவது இப்படிக் கீறுவார்களா?

தேறினால் ஆபிதாவுக்குச் சென்னையில் கல்லூரி. தவறினால் காயல்பட்டினத்தில் நிக்காஹ். அவள் வாப்பா செய்கு அலாவுதீன் சொன்னால் சொன்னதுதான்.

வளைகுடா நகரின் சத்வா பகுதியில் அவருடைய துணிக்கடைக்கு மேல்தான் வீடு. பரீட்சை முடிவு வந்த உறையைக் கிழித்தவர் அவர். வாசித்தவள் மகள்.

"பி, வாப்பா! சரித்திரம் பி!"

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் தாய் மதீனா பீவி. "அப்ப மாப்பிள்ளை வீட்டுக்கு என்னத்தச் சொல்ல?"

"கலாஸ், முடிஞ்சு போச்சுன்னு சொல்லு. அவனுக்கு வேற பொண்ணா கெடைக்காது? எம்புள்ளை படிக்கட்டும்."

வள்ளிநாயகிக்கு அப்போதுதான் மூச்சு முழுதாக வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஆபிதா கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்ததில் அது கீழே விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை.

"டீச்சரம்மா, சரித்திரத்துல டிகிரி வாங்குனவங்கன்னுதான் நம்பிக் கொடுத்தேன்," என்றார் அலாவுதீன். "இனி என் தம்பி மவளும் உங்ககிட்டதான்."

பாடம் தொடங்கிய முதல் நாள் அவர், "யாழ்ப்பாணத்துல டிகிரி முடிச்சவங்கதானே?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினாள். என்ன டிகிரி என்று அவர் கேட்கவில்லை. கூச்சத்தில் இவளும் சொல்லவில்லை. பிறகு இரண்டு வருடம், பிள்ளைக்கு ஒரு அத்தியாயம் முன்னால் ஓடியே காலம் போய்விட்டது.

இனி ஆபிதாவுக்கு ஒரு பயமும் இல்லை. சொல்லலாம்.

"நானா," என்று அவரை அண்ணன் முறை சொல்லி அழைத்தாள். தன் குரல் இவ்வளவு சத்தமாகக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. "நான் படிச்சது பௌதிகம். சரித்திரம் உங்கட மகளோட சேர்ந்துதான் படிச்சனான்."