பதினோராம் பக்கத்தின் கடைசி வரி

அவர்கள் இருவரும் லிஃப்ட் பழுதுபார்க்கும் படிப்பில் இரண்டாம் ஆண்டு. ஒருத்தி சுண்டெலி. ஆள் சிறியவள், எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவாள் என்று வகுப்பே சேர்ந்து வைத்த பெயர். இன்னொருத்தி ஜெராக்ஸ். ஆசிரியர் அனுப்பும் பாடங்களை மற்றவர்கள் செல்ஃபோனிலேயே படிக்க, இவள் மட்டும் கடைக்குப் போய் அச்செடுத்து வருவாள்.

"ஃபோன்ல படிச்சா மண்டையில ஏறாதுடி" என்பாள் ஜெராக்ஸ்.

"பேப்பரைச் சுமந்தா தோள்பட்டைதான் இறங்கும்" என்பாள் சுண்டெலி. இரண்டு வருடமாகத் தீராத வழக்கு இது.

அன்று முதல் நேரடிப் பயிற்சி. எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட் சோதனை. கூட்டி வந்த மெக்கானிக், உச்சியில் இருந்த மோட்டார் அறைக்குப் போகுமுன் தரைத்தளத்தில் நின்று சொன்னார்: "நான் ஃபோன் பண்ணதும் லிஃப்டுக்கு அடியில இருக்குற குழியில இறங்கி, ஸ்பிரிங் பக்கம் எண்ணெய் கசிஞ்சிருக்கான்னு பாருங்க. இறங்குறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியதெல்லாம் பாடத்துலயே இருக்கு. படிச்சீங்கல்ல?"

"படிச்சாச்சுண்ணா." இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

கால் மணி நேரத்தில் அவர் அழைத்தார். ஜெராக்ஸ் முக்கோணச் சாவியைப் போட்டு லிஃப்டின் வெளிக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். லிஃப்ட் மேலே எங்கோ நின்றிருந்தது. சுண்டெலி சுவரோடு பதித்திருந்த கம்பி ஏணியில் இறங்கினாள். குழி ஏறக்குறைய அவள் உயரம். டார்ச்சை அடித்துக் குனிந்தாள்.

"ஏய், இறங்குறதுக்கு முன்னாடி எதையோ அமுக்கணும்னு இருந்துச்சுடி" என்றாள் ஜெராக்ஸ். "இடது பக்கம், கீழ. இரு, பார்த்துச் சொல்றேன்."

தாளைப் புரட்ட இரண்டு கை வேண்டும். கதவுக்கு இடுப்பை முட்டுக்கொடுத்துவிட்டுப் பையிலிருந்து தாள்கட்டை உருவினாள். கட்டு பிரிந்து தாள்கள் தரையெங்கும் பறந்தன. அவற்றைப் பொறுக்கக் குனிந்தாள். கதவு தானாக நகர்ந்து வந்து மூடிக்கொண்டது.

ஐந்தாம் மாடியில் யாரோ லிஃப்டில் ஏறித் தரைத்தளத்துக்குப் பொத்தானை அமுக்கியிருக்க வேண்டும். இருட்டில் கம்பி வடங்கள் முனகத் தொடங்கின. சுண்டெலி நிமிர்ந்து பார்த்தாள். மேலே இருந்த கருப்பு, கொஞ்சங்கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது.

கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. டார்ச் கையிலிருந்து நழுவி எங்கோ விழுந்து அணைந்தது. படுக்க வேண்டுமா, உட்கார வேண்டுமா? படித்திருக்கிறாள், நிச்சயமாகப் படித்திருக்கிறாள். ஃபோன் திரையில் அந்தப் பக்கம் கண்முன் வந்தது. மூலையில் பேட்டரி பதினேழு சதவீதம். மேலிருந்து இறங்கிய சித்தியின் செய்தி: 'குழாய் ஒழுகுது, பிளம்பர் நம்பர் இருக்கா?' நம்பரை அனுப்பியது நினைவிருந்தது. திரும்பி வந்து கட்டைவிரலால் பக்கத்தை மேலே தள்ளியதும் நினைவிருந்தது. அங்கே என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் வரவே இல்லை.

கால்கள் தாமாக மடிந்தன. மூலையில் ஒடுங்கி முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டாள். மேலிருந்து காற்று அழுத்தியது. பழைய கிரீஸ் நாற்றம் முகத்தில் வந்து அடித்தது. அம்மா என்றுகூட நினைக்கத் தோன்றவில்லை.

ஒரு குலுக்கல். எல்லாம் நின்றது.

ஜெராக்ஸ் இரண்டு முறை துளை தவறி, மூன்றாம் முறை சாவியைச் சொருகியிருந்தாள். வெளிக்கதவு விரலளவு திறந்தாலே லிஃப்ட் நின்றுவிடும். சுண்டெலியின் தலைக்கு ஒரு முழம் மேலே இரும்புச் சட்டம் தொங்கியது.

"இருக்கியாடி?"

"இருக்கேன்."

கதவிடுக்கு வழியாக வந்த வெளிச்சக் கோட்டில், வாசலை ஒட்டி உள்சுவரில், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் தெரிந்தது. மேலே 'நிறுத்து' என்று எழுதியிருந்தது.

ஜெராக்ஸ் ஃபோனில் அழுத அழுகையில் மெக்கானிக்குக் கால்வாசிதான் புரிந்தது. அது போதுமானதாக இருந்தது. மின்சாரத்தை நிறுத்தி, மோட்டார் சக்கரத்தைக் கையாலேயே சுற்றி லிஃப்டை உள்ளே இருந்தவரோடு மேலேற்றிவிட்டு, எட்டு மாடியையும் படியில் ஓடி இறங்கினார். சுண்டெலியைத் தூக்கி வெளியே உட்காரவைத்தபின் அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"படிச்சாச்சுன்னு சொன்னீங்களேம்மா."

"படிச்சோம்ணா" என்றாள் ஜெராக்ஸ். அது பொய்யில்லை.

"நான் பக்கத்துல நின்னிருக்கணும்" என்றார் அவர்.

மாலை பஸ் நிறுத்தத்தில் சுண்டெலி ஃபோனை எடுத்துத் தேடினாள். பதினோராம் பக்கம், கடைசி வரி: 'குழியில் இறங்குமுன் நிறுத்துப் பொத்தானை அமுக்குக.' அதன்மேல் மஞ்சள் பூசியிருந்தது. பூசியது அவளே. ஜெராக்ஸ் கசங்கிய தாளை விரித்தாள். அதே வரிக்கடியில் சிவப்பு மையில் கோடு.

"ரெண்டு கோடு போட்டிருக்கேன்டி" என்றாள்.

லிஃப்ட் வரும்போது வந்த பயம் வேறு. இது வேறு. படித்தாச்சு என்று இதுவரை ஒதுக்கி வைத்த பக்கங்கள் எத்தனை? அவற்றில் இன்னும் என்னென்ன இருக்கிறது?

"உனக்கு இடது பக்கம், கீழன்னாவது ஞாபகம் வந்துச்சு" என்றாள் சுண்டெலி. "எனக்குச் சித்தி வீட்டுக் குழாய்தான் வந்துச்சு."

ஜெராக்ஸ் சிரிக்கவில்லை. ஃபோனும் தாளும் பைக்குள் போயின. கண்ணை மூடிக்கொண்டு, குழியில் இறங்குமுன் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்லிப் பார்த்தார்கள். மூன்றாவதில் தடுக்கியது. எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். அதற்குள் இரண்டு பஸ் போய்விட்டது.

"முதல் நாள் வேலை எப்படி?" என்று வீட்டில் அம்மா கேட்டாள்.

"எண்ணெய் கசியலைம்மா" என்று சொல்லிவிட்டுச் சுண்டெலி குளிக்கப் போனாள். தலையில் தண்ணீர் விழுந்ததும் அவளையறியாமல் குந்தி உட்கார்ந்தாள். எழ வெகுநேரமானது.

மறுநாள் அதே குழி. இந்த முறை மெக்கானிக் கதவைப் பிடித்துக்கொண்டார். சுண்டெலி உள்ளே கைவிட்டுச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். கதவை மூடச் சொல்லி, லிஃப்ட் நிஜமாகவே நின்றுவிட்டதா என்று பார்க்க, வெளியே லிஃப்டை அழைக்கும் பொத்தானை அமுக்கினாள். லிஃப்ட் வரவில்லை. இரண்டாம் முறை அமுக்கினாள். வரவில்லை. மூன்றாம் முறை அமுக்கிவிட்டுக் கதவில் காதை வைத்துக் கேட்டாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.