யார் பின்னால் நிற்பது

பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு வரிசைகள் நீண்டுகொண்டிருந்தன. எரியா முலோண்டோ மட்டும் கொடிக்கம்பத்தருகே நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஊர்த் தலைவர் தேர்தலுக்கு இங்கே சீட்டும் இல்லை, பெட்டியும் இல்லை. யார் வேண்டுமோ அவர் முதுகுக்குப் பின்னால், ஊர் பார்க்கப் போய் நிற்க வேண்டும். உபதேசியார் என்பதற்காக அவருக்கு மட்டும் மறைவிடம் கிடைக்குமா என்ன?

வலப்பக்க வரிசைக்கு முன்னால் சபை மூப்பர் கட்டேரெகா. இடப்பக்கம் நல்வோகா, எரியா பெற்ற மகள்.

வீட்டுக்குத் தலைவன் புருஷன், பெண்ணுக்கு அழகு அடக்கம், நாட்டைக் கெடுப்பது வெளிநாட்டுக் காசு. மூப்பர் பேசுவதெல்லாம் எரியா காலமெல்லாம் பிரசங்கித்ததுதான். அதில் அவருக்கு இன்றும் சந்தேகமில்லை. சதுப்புக்கு அந்தப் பக்கம் மூப்பர் வைத்திருக்கும் இன்னொரு குடும்பமும் அவருக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நான வகுப்பு எடுத்ததே அவர்தான்.

மகளோ, அடித்த புருஷனை உதறிவிட்டு வந்தவள். மருந்துக்கடை வைத்து, கல்யாணமாகாத பெண்களுக்கும் கருத்தடை மாத்திரை விற்கிறாள். அது பாவம் என்று எரியா பீடத்திலிருந்தே சொன்னார், பெயர் சொல்லாமல். ஆனால் பள்ளிக்கூட வாத்தியாரின் மகள் கருவைக் கலைக்கப் போய் உயிருக்குப் போராடியபோது, பைக்கில் தூக்கிவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் நல்வோகா. "கடவுள் குடுத்த தண்டனை" என்றார் மூப்பர். அந்தச் சொல் எரியாவின் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. பாவம் எது என்று நன்றாகத் தெரிந்தவருக்கு, பாவி யார் என்பதில் குழப்பம்.

காலையில் மனைவி நாகிட்டோ கஞ்சி ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "எங்க வேணா நில்லுங்க. வீட்டுக்கு வந்து என்கிட்ட வேத வசனம் சொல்லாதீங்க." இப்போது அவள் மகளின் வரிசையில் நின்றாள்.

"என்ன உபதேசியாரே, கொடிக்கம்பத்துக்கா உங்க ஓட்டு?" என்றார் கட்டேரெகா. சிரிப்பு எழுந்தது.

எரியாவுக்குச் சுருக்கென்றது. சபை முக்கியம் என்று முடிவுகட்டி வலப்பக்கம் நடந்தார். மகளின் வரிசைக்கு முன்புறமாகத்தான் போக வேண்டும். அவர் நெருங்கியதும் நல்வோகா, அப்பாவைக் கண்ட மகள் செய்யவேண்டியபடி, பேன்ட்டோடு செம்மண் சேற்றில் மண்டியிட்டாள்.

"தலைவரம்மா இப்பவே முட்டி போட்டாச்சு" என்றான் ஒருவன்.

மண்டியிட்ட மகளைத் தாண்டிப் போகிற தகப்பன் மனிதனே இல்லை. எரியா அவள் பக்கம் திரும்பி நின்றார்.

"நல்லா விடிஞ்சுதாப்பா?" என்று முறைப்படி நலம் விசாரித்தாள்.

"விடிஞ்சுது மகளே. உனக்கு?"

"விடிஞ்சுது. முழங்கால் வலி எப்படி இருக்கு?"

"இருக்கு. புள்ளைங்க?"

"இருக்காங்கப்பா."

அதற்குள் விசில் ஊதிவிட்டது. இனி யாரும் நகரக்கூடாது. எண்ண வந்த அதிகாரி அவரருகே தயங்கினார். "உபதேசியாரே, நீங்க இந்த வரிசைதானா? இல்லன்னா சொல்லுங்க, அந்தப் பக்கம் விடுறேன்."

மூப்பர் பார்த்தார். ஊர் பார்த்தது. சொல்ல வேண்டியது ஒரே சொல். மகள் தலை நிமிரவில்லை. அவள் கழுத்து நரம்பு துடிப்பது எரியாவுக்குத் தெரிந்தது.

"எந்திரிம்மா. சேறு" என்றார்.

"ஆளு திரும்பி நின்னாலும் கணக்குல உண்டா?" என்று யாரோ கத்தினார்கள்.

அதிகாரி அவர் தோளைத் தொட்டு, "ஒண்ணு" என்றார். பிறகு இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போனார். வரிசையில் எல்லோரும் முன்னால் பார்த்து நின்றார்கள். எரியா மட்டும் அவர்கள் எல்லோருடைய முகங்களையும் பார்த்தபடி நின்றார்.